தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமா?

மனநலத்திற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரையை வீட்டில் ஒருவர் அளவுக்கு மேல் விழுங்கிவிட்டால், சுற்றி நிற்பவர்களில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார்: "தூக்கம் வருகிற மாத்திரைதானே? விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்."

சொல்கிறவரின் மனத்தில் கெட்ட எண்ணம் இருக்காது. மருத்துவமனைக்குப் போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கவலை இருக்கும். போலீஸ் விசாரிக்குமோ என்ற பயம் இருக்கும். கண்ணெதிரே ஆள் மூச்சு விட்டுக்கொண்டு தூங்குவதால் ஒரு நிம்மதியும் இருக்கும். ஆனால், மனநல மாத்திரைகள் விஷயத்தில் இந்த ஒரு வாக்கியம்தான் பல மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

அளவு மீறுவது எல்லாருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. மனம் நொந்துபோன இளைஞர் ஒருவர் வேண்டுமென்றே விழுங்கியிருக்கலாம். மறதி நோய் உள்ள பாட்டி, மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டிருக்கலாம். மேசைமேல் கிடந்ததை மிட்டாய் என்று நினைத்துப் பேரக்குழந்தை வாயில் போட்டிருக்கலாம். காரணம் எதுவாக இருந்தாலும், உள்ளே போன மருந்தை உடல் கையாளும் முறை ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் "இன்றிரவு இங்கேயே இருக்கட்டும்" என்கிறார் என்பதும் புரியும்.

இந்த வாரம் ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் குவெட்டியாப்பின். செரோகுவெல் என்ற வணிகப் பெயரில் பலருக்கு அறிமுகமானது.

எதற்காக இந்த மருந்து?

மனச்சிதைவு நோய்க்கு முதன்முதலாக ஒரு மாத்திரை பயன்படும் என்று தெரிந்தது 1952-இல், பாரிஸ் நகரில். குளோர்ப்ரோமசின் என்ற அந்த மருந்து வருவதற்கு முன்பு, கடுமையான மனநோய் என்றால் நீண்ட காலம் மருத்துவமனைக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான் பலருக்கு விதி. 1911-இல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையின் பெயரை இன்றும் நம்மில் சிலர் கேலிச் சொல்லாகப் பயன்படுத்துவது அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

குவெட்டியாப்பின் 1990-களின் பிற்பகுதியில் வந்தது. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று நம்புவது போன்ற அறிகுறிகளைத் தணிக்க உதவுகிறது. மனநிலை உச்சத்திற்கும் பள்ளத்திற்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறுக்கும் தரப்படுகிறது. வேலைக்குப் போய், குடும்பம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எத்தனையோ பேர் இரவில் இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்கள். ஆகவே இது கெட்ட மருந்து அல்ல. சரியான அளவில் ஒரு மனிதரை நிலைநிறுத்துகிற அதே மருந்து, அளவு மீறும்போது உடலில் வேறு வேலைகளைச் செய்யத் தொடங்குகிறது.

முதல் கட்டம்: வயிறும் குடலும்

விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, குடல் வழியாக இரத்தத்தில் கலக்க வேண்டும். குவெட்டியாப்பினில் இரண்டு வகை உண்டு. சாதாரண மாத்திரை விரைவில் கரையும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். இன்னொன்று மெல்ல மெல்லக் கரையும் வகை. பெட்டியில் எக்ஸ்ஆர் என்று போட்டிருக்கும். அது உச்சத்தைத் தொடச் சுமார் 6 மணி நேரம் ஆகும்.

இது சரியான அளவில் எடுத்துக்கொண்டவருக்கான கணக்கு. அளவு மீறியவருக்கு இந்தக் கணக்கு பிசகிவிடும். குவெட்டியாப்பினும், அதிலிருந்து உடலில் உருவாகும் இன்னொரு பொருளும் குடலின் அசைவைக் குறைக்கக்கூடியவை. குடல் மந்தமானால் உள்ளே இருப்பது மெதுவாகத்தான் நகரும். மெல்லக் கரையும் மாத்திரைகள் வயிற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக் களிபோலத் திரண்டு நிற்பதும் உண்டு. உள்நோக்கிக் கருவியை விட்டுப் பார்த்த மருத்துவர்கள் அப்படிப்பட்ட கட்டிகளைக் கண்டிருக்கிறார்கள்.

அந்தக் கட்டி ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். முதல் சில மணி நேரம் ஆள் ஓரளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். மருந்தோ உச்சத்தை நோக்கி இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். எப்போது விழுங்கினார், எந்த வகை மாத்திரை என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது கட்டம்: கல்லீரல் என்னும் டோல் சாவடி

குடலில் உறிஞ்சப்பட்ட மருந்து நேராக உடல் முழுவதும் போய்விடுவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே சில நொதிகள் மருந்தின் உருவத்தை மாற்றி, வெளியேற்றுவதற்கு ஏற்றதாக்குகின்றன. குவெட்டியாப்பினைப் பொறுத்தவரை இந்த வேலையில் பெரும்பங்கு சிப் 3ஏ4 என்ற நொதியுடையது. விழுங்கிய மருந்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதிதான் மாற்றமடையாமல் அப்படியே வெளியேறுகிறது. மற்றதெல்லாம் மாற்றப்பட்ட பிறகு, பெரும்பாலும் சிறுநீரிலும் மீதி மலத்திலும் போகிறது.

இந்த நொதியை நெடுஞ்சாலை டோல் சாவடியாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் கார்கள் தடையில்லாமல் கடந்துபோகும். தீபாவளிக்கு முதல் நாள், அத்தனை பாதைகளும் திறந்திருந்தாலும் வரிசை நீண்டுவிடும். மருந்து வழக்கமான அளவில் வரும்போது கல்லீரல் முதல் சுற்றிலேயே பெரும்பகுதியை மாற்றிவிடும். ஒரே நேரத்தில் குவியலாக வந்தால், மாறாமல் நழுவிப் போகும் பங்கு கூடக்கூடும்.

சாவடியில் சில பாதைகள் அடைபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கெட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், கிரேப்ஃப்ரூட் பழச்சாறு ஆகியவை இந்த நொதியை முடக்கக்கூடியவை. அப்படிப்பட்ட ஒன்றைச் சேர்த்து எடுத்தவருக்கு, மாத்திரை ஒன்றுகூட அதிகமாகாமலே இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடலாம். நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் பொமெலோவும் கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவுதான். மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள், வேறு மருந்து வாங்கும்போதும் இந்தப் பழங்களை அடிக்கடி சாப்பிடும் பழக்கம் இருந்தாலும் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதியவர்களின் கல்லீரல் இந்த வேலையை மெதுவாகச் செய்கிறது. இளையவர்களோடு ஒப்பிட்டால், வயதானவர்கள் குவெட்டியாப்பினை அகற்றும் வேகம் சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு குறைவு. பாட்டி தவறுதலாக இரண்டாவது தடவை மாத்திரை போட்டுக்கொண்டதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது இரத்த அழுத்தம் இறங்கி, கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைவது இன்னொரு காரணம்.

மூன்றாவது கட்டம்: இரத்தத்தில் கொஞ்சம், உடலில் மிச்சம்

"டயாலிசிஸ் செய்து இரத்தத்தைச் சுத்தம் பண்ண முடியாதா, டாக்டர்?" அவசரப் பிரிவில் அடிக்கடி கேட்கப்படும் நியாயமான கேள்வி இது. பதில் ஒரு எண்ணில் இருக்கிறது.

ஒரு மருந்து உடலுக்குள் எவ்வளவு தூரம் பரவி ஒளிந்துகொள்கிறது என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு. குவெட்டியாப்பினுக்கு அது ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 லிட்டர். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 600 லிட்டர் ஆகிறது. மனித உடலில் 600 லிட்டர் எங்கே இருக்கிறது? இரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தானே? இந்த எண் சொல்வது என்னவென்றால், மருந்தில் பெரும்பகுதி இரத்தத்தை விட்டுக் கொழுப்பு, தசை, மூளை போன்ற திசுக்களுக்குள் புகுந்துவிட்டது என்பதுதான். இரத்தத்தில் எஞ்சியிருப்பதிலும் 83 விழுக்காடு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரத்தின் சல்லடை வழியாக அது வெளியே வராது.

கூரைத் தொட்டி உடைந்து வீட்டுச் சுவரெல்லாம் ஊறிப்போன பிறகு, தரையில் நிற்கும் தண்ணீரை மட்டும் துடைத்தால் வீடு காய்ந்துவிடாது. துடைக்கத் துடைக்கச் சுவரிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். குவெட்டியாப்பினும் அப்படித்தான். இருதுருவக் கோளாறுக்கே தரப்படும் லித்தியம் வேறு மாதிரி. அது புரதத்தில் ஒட்டாது, திசுக்களில் இந்த அளவுக்குப் பதுங்காது. அதனால் லித்தியம் அளவு மீறியவருக்கு டயாலிசிஸ் உயிர் காக்கும் சிகிச்சையாக அமைகிறது. மனநல மாத்திரைகள் எல்லாம் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்லாமல், மருந்தின் பெயரை மருத்துவமனையில் சரியாகச் சொல்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பாதி, அதில் பாதி, அதிலும் பாதி

மருந்து உடலை விட்டு வெளியேறும் வேகத்தை மருத்துவர்கள் அரைவாழ்வுக் காலம் என்ற அளவால் குறிக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. குவெட்டியாப்பினுக்கு 6 முதல் 7 மணி நேரம்.

ஏழு மணி நேரத்தில் பாதி போய்விட்டால், பதினான்கு மணி நேரத்தில் முழுவதும் போய்விடும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. முதல் 7 மணி நேரத்தில் பாதி போகும். அடுத்த 7 மணி நேரத்தில் மிச்சமிருக்கும் பாதியில் பாதிதான் போகும்.

ஒருவருடைய இரத்தத்தில் வழக்கமான உச்சத்தைப் போல 8 மடங்கு மருந்து ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உச்சத்திலிருந்து 7 மணி நேரம் கழித்து அது 4 மடங்கு. பதினான்கு மணி நேரத்தில் 2 மடங்கு. இருபத்தொரு மணி நேரம் ஆன பிறகுதான் ஒரு மடங்காகிறது. அதாவது கிட்டத்தட்ட ஒரு நாள் முழுவதும் கடந்த பின்னர்தான், ஒழுங்காக ஒரு வேளை மாத்திரை போட்டவரின் உச்ச நிலைக்கு அவர் இறங்கி வருகிறார்.

இதுவும் நல்லபடியாக நடந்தால் உள்ள கணக்கு. வயிற்றில் கரையாத கட்டி இருந்தால் உச்சமே தள்ளிப்போகும். டோல் சாவடி நெரிசலானால் இறக்கமும் தாமதமாகலாம். இதற்கு மேல், கல்லீரல் குவெட்டியாப்பினை மாற்றும்போது நார்குவெட்டியாப்பின் என்ற இன்னொரு பொருள் உருவாகிறது. அதுவும் செயல்படும் தன்மை உள்ளது. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 12 மணி நேரம். தாய்ப் பொருள் போனாலும் பிள்ளை இன்னும் வீட்டில் இருக்கிறது.

தூக்கம் மட்டும்தானா?

குவெட்டியாப்பின் மூளையில் ஒரே ஒரு பூட்டைத் திறக்கும் சாவி அல்ல. அது பல பூட்டுகளில் போய் உட்காருகிறது. அளவு கூடக் கூட, நாம் விரும்பாத பூட்டுகளிலும் வலுவாக உட்கார்ந்துகொள்கிறது.

ஒவ்வாமை மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே, அதே ஹிஸ்டமின் பூட்டில் உட்காரும்போது ஆழ்ந்த மயக்கம் வருகிறது. இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா பூட்டை அடைக்கும்போது குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அசிட்டைல்கோலின் பூட்டு அடைபடும்போது வாய் வறண்டு, சிறுநீர் அடைத்துக்கொண்டு, ஆள் குழம்பிப்போய் இல்லாததைப் பிடிக்கக் காற்றில் கை நீட்டுகிறார். சிலருக்கு வலிப்பு வருகிறது.

இதயத்தின் மின்னோட்டத்திலும் மாற்றம் வரலாம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக ஒரு சிறு நேரம் எடுத்துக்கொள்கிறது. இசிஜி தாளில் அதைக் கியூடி இடைவெளி என்பார்கள். அது நீண்டுபோனால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரக்கூடும். வெளியே பார்க்கும்போது இதற்கு அடையாளமே இருக்காது. ஆள் அமைதியாகப் படுத்திருப்பார். கம்பிகள் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று நம் கண்ணுக்குத் தெரிவது: தூங்குகிறார், விழிக்கிறார், பேசுகிறார். மற்றொன்று இரத்தத்திலும் திசுக்களிலும் ஓடுவது. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை. குடும்பத்தார் முதல் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மருத்துவர் இரண்டாவதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்?

குவெட்டியாப்பினை முறித்துப் போடும் மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. அப்படியானால் மருத்துவமனைக்குப் போய் என்ன பயன் என்று கேட்கலாம். உடல் தன் வேலையைச் செய்து முடிக்கும் வரை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் காத்துக் கொடுப்பதுதான் அங்கே நடக்கும் சிகிச்சை. மூச்சுக் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சொட்டு நீர் ஏற்றி அழுத்தத்தைத் தூக்குகிறார்கள். இசிஜியை ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். தேவையானால் மூச்சு இயந்திரம் வைக்கிறார்கள்.

விழுங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிட்டால், மருந்தை வயிற்றிலேயே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் கரித்தூள் கரைசல் கொடுக்கலாம். விழுங்கி ஒரு மணி நேரத்திற்குள் கொடுத்தால் பலன் அதிகம். மெல்லக் கரையும் வகைக்கு அவகாசம் கொஞ்சம் கூடும். ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக் குழாயைப் பாதுகாக்காமல் கொடுக்க முடியாது. வீட்டில் காத்திருந்து கழிக்கும் நேரம், கிடைக்கக்கூடிய இந்த ஒரு வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. "குழாய் விட்டு வயிற்றைக் கழுவுங்கள், டாக்டர்" என்று சில உறவினர்கள் வற்புறுத்துவார்கள். இப்போது அது மிக அரிதாகவே செய்யப்படுகிறது. செய்யாததால் கவனிக்கவில்லை என்று பொருள் அல்ல.

இன்னொரு காரியமும் நடக்கும். குவெட்டியாப்பின் மட்டும்தான் சாப்பிட்டார் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும், பாரசிட்டமால் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். ஏனென்றால் பாரசிட்டமால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. அதற்கு நல்ல மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும்.

அறிகுறி எதுவும் இல்லாதவரைக்கூட 6 மணி நேரம், மெல்லக் கரையும் வகையானால் 12 மணி நேரம் அல்லது அதற்கும் மேல் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். "நன்றாகத்தானே இருக்கிறான், கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகிறோம்" என்று அவசரப்பட வேண்டாம். உரிய நேரத்தில் வந்து கண்காணிப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்புகிறார்கள். அந்தக் காத்திருப்புக்குக் கிடைக்கும் பலன் அது.

வீட்டில் செய்ய வேண்டியதும் கூடாததும்

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அறிகுறி தெரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் சரியும், வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போகும். மாத்திரை விழுங்கியவர் பலமாகக் குறட்டை விட்டால் "நன்றாகத் தூங்குகிறார்" என்று நினைக்காதீர்கள். மூச்சு வழி பாதி அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அவரைத் தனியாக விட்டுவிட்டு அறையை விட்டுப் போகக் கூடாது.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது இரண்டும் ஆபத்து. மோர், எலுமிச்சைச் சாறு, தூக்கம் தெளிய கோப்பி ஓ எதுவும் வேண்டாம். அவை மருந்தை முறிப்பதில்லை. அரை மயக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குள் போய் இன்னொரு பிரச்சினையை உண்டாக்கும்.

மாத்திரை அட்டைகள், மருந்தகத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பை, வீட்டில் உள்ள மற்றவர்களின் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மது அருந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாடகை அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பருக்கு இப்படி நேர்ந்தால், குடும்பத்தாரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிற்க வேண்டாம். முதலில் ஆம்புலன்ஸ், பிறகு ஊருக்குத் தொலைபேசி.

மலேசியாவில் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும்போது, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேட்கலாம். ஆள் மயங்கிக் கிடந்தால் அதற்கெல்லாம் நேரம் செலவிடாமல் 999.

போலீஸ் பயம் இனி வேண்டாம்

பல குடும்பங்களைத் தயங்க வைத்த ஒரு காரணம் சட்டம். தற்கொலைக்கு முயல்வது முன்பு குற்றமாக இருந்தது. சிங்கப்பூர் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மலேசியா 2023-இல் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நீக்கியது. மகனையோ மகளையோ காப்பாற்ற மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அவர்மேல் வழக்கு வரும் என்ற பயத்திற்கு இன்று இடமில்லை. இந்தச் செய்தி இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. உங்கள் அம்மாவிடமும் மாமாவிடமும் அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.

வெட்கம் என்ற இன்னொரு தடை இருக்கிறது. அதைச் சட்டம் நீக்க முடியாது. மாரடைப்பு வந்த அப்பாவை "அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும்" என்று யாரும் வீட்டில் படுக்க வைப்பதில்லை. இதற்கும் அதே அளவுகோலை வைத்துக்கொண்டால் போதும்.

வீடு திரும்பிய பிறகு

உயிர் தப்பி வந்தவரிடம் சிலர் செய்யும் முதல் வேலை, மாத்திரைகள் அனைத்தையும் குப்பையில் கொட்டுவது. "இனி இந்த மருந்தே வேண்டாம்" என்பார்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், அடங்கியிருந்த நோயும் திரும்பலாம். எப்போது, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை மனநல மருத்துவர் சொல்லட்டும்.

மாற்ற வேண்டியது மருந்து வைக்கும் முறையை. ஒரே தடவையில் இரண்டு மாத மருந்து வாங்கி வீட்டில் வைக்காமல், குறைந்த நாட்களுக்கு வாங்க முடியுமா என்று கேளுங்கள். பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். வயதானவர்களுக்கு நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி, போட்டார்களா இல்லையா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மிஞ்சிப்போன பழைய மருந்துகளைச் சேர்த்து வைக்காமல் மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். மனம் உடைந்துபோகும் அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாமல் இருப்பதே ஒருவரைக் காப்பாற்றிவிடக்கூடும். அந்த நிமிடங்களைக் கடந்து வந்த பலர் பிறகு வாழவே விரும்புகிறார்கள்.

பேசவும் வேண்டும். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்ற கேள்வி பதிலைக் கொண்டுவராது. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா? இப்பவும் அந்த நினைப்பு வருதா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் தேவையில்லை. நேரடியாகக் கேட்பது பாரத்தை இறக்கி வைக்கத்தான் உதவுகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே அந்தப் பாரம் இருந்தால், இன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. சிங்கப்பூரில் எஸ்ஓஎஸ் 1767. இந்தப் பக்கத்தை வெட்டி, வீட்டு மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்தாலும் நல்லதுதான்.